வாயிலில் நின்ற துப்பாக்கிகள்

'ஷூட்டிங் டாக்ஸ்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தின் பெயரை மட்டும் கேட்போர் அதை ஏதோ வேட்டைக் கதை என்று எண்ணக்கூடும். அப்பெயருக்குக் காரணமான காட்சி சில நிமிடங்களே நீடிப்பது. ருவாண்டாவின் தலைநகரான கிகாலியில் ஒரு பள்ளி வளாகம். வாயிலுக்கு வெளியே மனித உடல்கள் சிதறிக் கிடக்கின்றன. நாய்கள் அவற்றைத் தின்கின்றன. வளாகத்தில் முகாமிட்டிருக்கும் ஐக்கிய நாடுகள் படையின் பெல்ஜியத் தளபதி, நோய் பரவாதிருக்க அந்நாய்களைச் சுடப்போவதாகப் பள்ளியை நடத்தும் குருவிடம் அறிவிக்க வருகிறார். அந்த மனிதர்களை வெட்டிச் சாய்த்தவர்களோ அதே தெருவில், அதே வெட்டுக்கத்திகளுடன் நிற்கிறார்கள். அவர்களைச் சுடத் தளபதிக்கு அதிகாரமில்லை. தம்மை நோக்கி எவரேனும் சுட்டால் மட்டுமே திருப்பிச் சுடலாம் என்பது அவருக்கு இடப்பட்ட ஆணை. முதிய குரு வெகுண்டெழுகிறார். அந்நாய்கள் உம்மை நோக்கிச் சுட்டனவா என்று கேட்கிறார். தளபதியிடம் மறுமொழி இல்லை.

2005ஆம் ஆண்டில் மைக்கேல் கேட்டன்-ஜோன்ஸின் இயக்கத்தில் உருவான இப்படத்தை நம் வாசகரில் பலர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. எனினும், பெருந்திரளான மக்கள் கொன்று குவிக்கப்படும்போது அதைத் தடுக்க ஆயுதம் ஏந்துவது அறமாகுமா என்னும் பழைய வினாவை இத்துணைக் கூர்மையாக எழுப்பிய படங்கள் மிகச் சில. வினாவை எழுப்பிய படம் விடைக்கு அருகில் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்பதே நம் மனக்குறை. அதை விளக்க, முதலில் நிகழ்ந்தது என்ன என்பதைச் சொல்ல வேண்டும்.

1994 ஏப்ரல் 6ஆம் நாள் இரவு ருவாண்டாவின் அதிபர் ஹபியாரிமனா பயணம் செய்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த சில மணி நேரத்திற்குள் தொடங்கிய படுகொலை ஏறக்குறைய 100 நாள்கள் நீடித்தது. டுட்சி இனத்தவரும், கொலைக்கு உடன்படாத ஹுட்டு மக்களுமாக 8,00,000 பேர் மாண்டனர் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் மதிப்பீடு. 10,00,000க்கும் மேல் என்கிறது ருவாண்டா அரசு. கிகாலியின் கிச்சுகிரோ பகுதியில் சலேசிய சபையார் நடத்திவந்த தொழிற்பள்ளியில் ஏறத்தாழ 90 பெல்ஜிய வீரர்கள் தங்கியிருந்தனர். அங்குப் பறந்த நீலக்கொடியைக் கண்டு 2,000க்கும் மேற்பட்டோர் அடைக்கலம் புகுந்தனர். கொலைகாரர்கள் வாயிலுக்கு வெளியே திரிந்தார்கள், குடித்தார்கள், ஊதல்களை ஊதினார்கள். உள்ளே மட்டும் வரவில்லை. ஏப்ரல் 11ஆம் நாள் பிரெஞ்சுப் படையினர் வந்து வெளிநாட்டவரை அழைத்துச் சென்றனர். பின்னர் பெல்ஜிய வீரர்களும் வண்டியேறினர். மக்கள் வண்டிகளுக்கு முன் படுத்து வழிமறித்தார்கள். அவர்களை விலக்குவதற்காக வீரர்கள் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். கொலைகாரரை நோக்கித் திரும்ப அனுமதி பெறாத துப்பாக்கிகள், அடைக்கலம் தேடியவரைக் கலைப்பதற்கு வெடித்தன. அன்று மாலைக்குள் அம்மக்களில் பெரும்பாலோர் நியான்சா என்னும் குன்றுப் பகுதிக்கு நடத்திச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். தப்பியவர்கள் சிலரே.

அதற்கு முந்திய நாள், ஏப்ரல் 10ஆம் நாள்தான் உரோமையில் ஆப்பிரிக்காவுக்கான ஆயர் மாமன்றம் தொடங்கியது என்பதையும் இவ்விடத்தில் நினைவிற்கொள்வது நல்லது.

படத்தில் இந்நிகழ்ச்சியை இரு வெளிநாட்டவரின் கண்வழியே காண்கிறோம். ஒருவர் முதிய குரு கிறிஸ்டோபர், மற்றவர் ஜோ என்னும் இளம் ஆங்கிலேய ஆசிரியர். குருவாக நடித்த ஜான் ஹர்ட் நம்மை வியப்பில் ஆழ்த்துகிறார். திரைப்படங்களில் வரும் குருக்களைப் பற்றி நமக்கு ஒரு நெடுநாளைய அலுப்பு உண்டு. ஒன்று, ஒளிவட்டம் சூடிய புனிதர். இல்லையேல், அங்கிக்குள் ஒளிந்த கயவர். கிறிஸ்டோபர் இரண்டுமல்லர். முப்பது ஆண்டுப் பணியால் களைத்துப்போன, எரிச்சல்படுகிற, மருந்துக்கும் பாலுக்கும் அலைகிற மனிதர் அவர். திருப்பலி நிறைவேற்றும்போதுகூட அவர் கைகளில் உழைப்பின் சோர்வு தெரிகிறது. வண்டியில் இடமிருந்தும் அவர் ஏறவில்லை. கடவுள் எங்கே என்று கேட்கும் இளைஞனுக்கு, அவர் இங்கே, துன்புறும் இம்மக்களோடு இருக்கிறார், இங்கிருந்து போனால் என் ஆன்மாவை நான் மீண்டும் கண்டுகொள்ளமாட்டேன் என்னும் கருத்தில் விடையளிக்கிறார். இறுதியில் குழந்தைகள் சிலரை வண்டியில் மறைத்துக் கொண்டுசெல்லும் வழியில் சுட்டுக் கொல்லப்படுகிறார்.

இப்பாத்திரத்திற்குத் தூண்டுகோலாக இருந்தவர் வியெகோஸ்லாவ் சுரிச் என்னும் போஸ்னிய நாட்டுப் பிரான்சிஸ்கன் சபைக் குரு. படத்தின் தயாரிப்பாளரும் கதையாசிரியர்களுள் ஒருவருமான டேவிட் பெல்டன் 1994இல் செய்தியாளராக ருவாண்டாவில் இருந்தவர். சுரிச்சை நேரில் அறிந்தவர். சுரிச் அத்தொழிற்பள்ளியைச் சேர்ந்தவரல்லர்; கிவுமு என்னும் ஊரில் பங்குப்பணி ஆற்றியவர். படுகொலையின்போது நாட்டைவிட்டு அகல மறுத்துப் பலரைக் காப்பாற்றினார். 1998 சனவரியில் கிகாலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓர் ஊரில் வாழ்ந்தவரை மற்றோர் ஊரின் கதைக்குள் பெயர்த்து நடுவது கலைஞரின் உரிமை. ஆனால் அவ்வாறு நட்டதனால் கதையின் எடை இடம் மாறிவிட்டது.

எம் பங்கின் இளையோர் சிலருடன் இப்படத்தைக் கண்டு, பின்னர் உரையாடினோம். ஒரு மணி நேர உரையாடலில் பெரும்பகுதி குருவைப் பற்றியே நடந்தது. அவர் தங்கியது சரியா, ஜோ போனது கோழைத்தனமா என்றே பேசினார்கள். பலர் கண் கலங்கியிருந்தனர். தளபதியைப் பற்றிக் கேட்டபோது, "அவர் பாவம் சாமி, அவர் என்ன செய்வார்?" என்றார் ஒருவர். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி உடனே திருப்பிக் கேட்டாள்: "அவர் பாவமா, அவர் செய்தது பாவமா?" நம் மொழி ஒரே சொல்லில் இரக்கத்தையும் குற்றத்தையும் வைத்திருப்பது சில வேளைகளில் எவ்வளவு வசதியாக இருக்கிறது! அப்பெண் கேட்டதைப் படம் கேட்கவே இல்லை.

அந்தப் பள்ளியில் 2,000 பேர் மாண்டது ஒரு புனிதர் இல்லாமையால் அன்று. நூறு புனிதர்கள் உடன் தங்கி இறந்திருந்தாலும் பலி எண்ணிக்கையில் நூறு கூடியிருக்குமேயன்றி வேறொன்றும் நிகழ்ந்திராது. கொலைகாரரை ஐந்து நாள்களாக வாயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தவை துப்பாக்கிகள். அவை போனதும் அவர்கள் உள்ளே வந்தார்கள். இந்த உண்மை கசப்பானது. அமைதியின் அரசரைப் பின்செல்லும் நமக்கு மேலும் கசப்பானது. படமோ குருவின் தியாகத்தை நடுவில் வைத்து, நம் கண்ணீரை அங்கே பெற்றுக்கொண்டு, இந்தக் கசப்பிலிருந்து நம்மைத் தப்பவிடுகிறது. மறைச்சாட்சியின் மரணம் எத்துணை உயர்ந்ததாயினும், படைவீரனின் கடமை குறித்த வினாவுக்கு அது விடையாகாது.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் நாம் நீதியான போருக்குரிய நிபந்தனைகளை வாய்ப்பாடு போல் ஒப்பித்தோம். முறையான அதிகாரம், நீதியான காரணம், நேரிய நோக்கம் என்று மூன்றைக் கூறினார் புனித தோமா அக்குவினாஸ். வேறு வழிகளெல்லாம் அடைபட்டிருத்தல், வெற்றிக்கான நல்வாய்ப்பு, தடுக்கும் தீமையினும் பெரிய தீமை விளையாதிருத்தல் ஆகியவற்றைப் பிற்காலத்தார் வலியுறுத்தினர். இந்நிபந்தனைகள் எல்லாம் போரைத் தொடங்க விழையும் மன்னனைத் தடுத்து நிறுத்துவதற்காக வகுக்கப்பட்டவை, "நான் போகலாமா?" என்று கேட்கும் ஒருவனை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பள்ளி வாயிலில் தளபதி கேட்டது அதுவன்று. அவர் ஏற்கெனவே வந்துவிட்டவர். அவருடைய கொடியை நம்பியே மக்கள் கூடினார்கள். சிதறி ஒளிந்திருந்தால் சிலராவது பிழைத்திருக்கக்கூடியவர்களை ஓரிடத்தில் திரட்டிவிட்டு அவர் புறப்படுகிறார். அவர் கேட்டிருக்க வேண்டியது, "நான் விட்டுச் செல்லலாமா?" என்பது. இதற்கு நம் மரபில் விடை உண்டு. பிறருடைய உயிருக்குப் பொறுப்பேற்றவருக்குத் தற்காப்பு என்பது உரிமை மட்டுமன்று, கடுமையான கடமையுமாகும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2265ஆம் எண்ணில் கற்பிக்கிறது.

இக்கருத்தின் வேரை நான்காம் நூற்றாண்டிலேயே காணலாம். தோழனுக்கு நேரும் தீங்கைத் தடுக்க வல்லவன் தடுக்காது விட்டால், தீங்கு செய்தவனுக்கு ஒப்பான குற்றவாளி என்கிறார் மிலான் நகர ஆயர் புனித அம்புரோசியார். அவர் காட்டும் சான்று மோசே. அடிபடும் எபிரேயனைக் கண்டு எகிப்தியனை அடித்துக் கொன்று மணலில் புதைத்த மோசேயை அவர் வீரத்தின் முன்மாதிரியாகப் போற்றுகிறார். ஆனால் அம்புரோசியார் நிறுத்திய இடத்தில் விடுதலைப் பயண நூல் நிற்கவில்லை. மறுநாள் சண்டையிடும் இரு எபிரேயரை விலக்க வந்த மோசேயிடம், உன்னை எங்களுக்குத் தலைவனாகவும் நடுவனாகவும் ஏற்படுத்தியது யார், எகிப்தியனைக் கொன்றதுபோல் என்னையும் கொல்ல எண்ணுகிறாயோ என்று ஒருவன் கேட்கிறான். மோசே அஞ்சி ஓடுகிறார். காப்பாற்றிய கையைக் கண்டு காப்பாற்றப்பட்ட இனமே மறுநாள் நடுங்குகிறது. முறையான அதிகாரம் வேண்டும் என்று தோமா அக்குவினாஸ் பின்னாளில் எழுதியதை, மணல் மேட்டருகே நின்ற அந்தப் பெயரற்ற எபிரேயன் முன்னரே கேட்டுவிட்டான்.

ருவாண்டாவிலும் மறுநாள் வந்தது. படுகொலையை நிறுத்தியது ஐக்கிய நாடுகள் அவையன்று. ஆயுதம் ஏந்திப் போரிட்டு முன்னேறிய ருவாண்டா தேசபக்த முன்னணி என்னும் டுட்சிப் படையே அதைச் செய்தது. சூலை 4ஆம் நாள் கிகாலி அதன் வசமாயிற்று. வன்முறை எதையும் தீர்க்காது என்று மேடைகளில் எளிதாக முழங்குவோர் இங்கே சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். அதே வேளையில், அப்படையின் வீரர்கள் சூன் 5ஆம் நாள் கப்காயிக்கு அருகே மூன்று ஆயர்களையும் அவர்களுடன் இருந்த குருக்களையும் சுட்டுக் கொன்றதையும், 1995 ஏப்ரலில் கிபேஹோ முகாமில் ஹுட்டு அகதிகளைப் பெருந்தொகையாகக் கொன்றதையும் மறைக்கலாகாது. படுகொலையை நிறுத்திய கரமே இதையும் செய்தது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழித்துக் கணக்கை நேர்செய்துவிட முடியாது.

இங்கே களை என்னும் உவமையைப் பற்றிச் சில சொல்லத் தோன்றுகிறது. கொலையிற் கொடியவரை வேந்தன் ஒறுப்பதைப் பயிரிடையே களை எடுப்பதற்கு ஒப்பிட்டார் வள்ளுவர்; கொல்லாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர்தாம் செங்கோன்மையில் இதையும் வைத்தார். நற்செய்தியிலோ, களையைப் பறிக்கப் புறப்படும் பணியாளரை வீட்டுத் தலைவர் தடுக்கிறார். களையோடு கோதுமையும் பிடுங்கப்படலாம் என்கிறார். ருவாண்டாவின் கொலைகாரர்களும் இதே உழவர் மொழியைத்தான் பேசினார்கள். கொலையை 'வேலை' என்றார்கள். ஆண்களை வெட்டுவது புதர் அழித்தல், பெண்களையும் குழந்தைகளையும் கொல்வது களையின் வேரைப் பறித்தல். வள்ளுவரின் களை, செயலால் களையானவன். கொலைத் தொழிலைத் தானே தேர்ந்துகொண்டவன். அவர்களுடைய களை பிறப்பால் களை. தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் அதில் அடக்கம். இவ்வேறுபாட்டை இழந்தவர் எவ்வளவு நேரிய காரணத்துக்காகக் கத்தியை எடுத்தாலும் சில நாள்களிலேயே அவர்களைப் போல் ஆகிவிடுவர். கிபேஹோவில் நேர்ந்தது இதுதான்.

எனவேதான் ஆயுதம் யார் கையில் இருக்கிறது, யார் ஆணைக்கு அது கட்டுப்படுகிறது என்பது பெரிதாகிறது. அந்த ஆணை கிகாலியில் நீலத் தொப்பியினர் கையில் இருந்திருக்க வேண்டும். அவர்களுடைய படைத்தலைவர், கனடா நாட்டவரான ரோமியோ டலேர், தம் வீரர்களுக்கான நடத்தை விதிகளை வரைந்தபோது, மனித குலத்துக்கு எதிரான குற்றங்களைத் தடுக்க இயன்ற வழிகளையெல்லாம் கையாள வேண்டும் என்று 17ஆம் பத்தியில் எழுதினார். நியூயார்க்கிலிருந்து அதற்கு முறையான ஒப்புதல் வரவே இல்லை. 1994 சனவரி 11ஆம் நாள், மறைத்து வைக்கப்பட்ட ஆயுதங்களைக் கைப்பற்றப்போவதாக அவர் செய்தி அனுப்பியபோது, வேண்டாம் என்ற மறுமொழி மட்டும் விரைந்து வந்தது. ஏப்ரல் 7ஆம் நாள் பெல்ஜிய வீரர் 10 பேர் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் தன் படையை அழைத்துக்கொண்டது. ஏப்ரல் 21ஆம் நாள் பாதுகாப்பு அவை, ஏறத்தாழ 2,500 பேர் கொண்டிருந்த படையை 270ஆகக் குறைக்க முடிவு செய்தது. பிலாத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர்கள் பலர்!

தக்க ஆணையும் 5,000 வீரரும் இருந்திருந்தால் பெரும்பாலானோரைக் காத்திருக்கலாம் என்பது டலேரின் உறுதியான கருத்து. ஆலன் கூப்பர்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இதை மறுக்கிறார்; கொலை அத்துணை விரைவாக நடந்தது, தொலைவிலிருந்து படை வந்து சேர்வதற்குள் பெரும்பகுதி முடிந்திருக்கும் என்கிறார். இம்மறுப்பைப் புறந்தள்ள முடியாது. வெற்றிக்கான நல்வாய்ப்பு என்னும் நிபந்தனை வெறும் சடங்கன்று. ஆனால் பள்ளியில் இருந்த 90 பேரைப் பொறுத்தவரை இவ்வாதம் செல்லாது. அவர்கள் எங்கிருந்தும் வந்து சேர வேண்டியதில்லை, வாயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். வெளிநாட்டவரை மீட்கப் பயிற்சி பெற்ற பிரெஞ்சு, பெல்ஜிய, இத்தாலியப் படையினரும் அந்நாள்களில் கிகாலியில் இறங்கியிருந்தார்கள். எஞ்சி நின்ற சிறு படை என்ன செய்ய முடிந்தது என்பதும் பதிவாகியுள்ளது. கானா நாட்டுத் தளபதி ஹென்றி அன்யிடோஹோவும் அவருடைய வீரர்களும் வெளியேற மறுத்து டலேருடன் தங்கினர். அமஹோரோ விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானோர் உயிர் பிழைத்தனர். செனகல் நாட்டு இசுலாமியரான கேப்டன் ம்பாயே டியாஞ், ஆயுதம் ஏதுமின்றி, கொலைகாரரின் தடைச்சாவடிகளை நகைச்சுவைப் பேச்சாலும் துணிவாலும் கடந்து, நூற்றுக்கணக்கானோரைத் தம் வண்டியில் சிலர் சிலராக ஏற்றிச் சென்று காப்பாற்றினார். மே 31ஆம் நாள் குண்டு வெடித்து இறந்தார். கிறிஸ்டோபருக்காக அழுத நம் இளையோர் இவர் பெயரை அறியாதிருப்பது குறையே.

சீருடையாலும் கொடியாலும் ஈர்க்கப்பட்டுத் திரளும் மக்களை விட்டுச் செல்வது ருவாண்டாவோடு முடியவில்லை. 2008 செப்டம்பரில் கிளிநொச்சியிலிருந்து ஐ.நா. பணியாளர் வெளியேறியபோது, போகாதீர்கள் என்று வாயிலில் நின்று மன்றாடிய நம் மக்களை அறிவோம். அங்கிருந்தவர்கள் ஆயுதமற்ற பணியாளர்கள். படைவீரரோடு அவர்களை ஒப்பிடுவது முறையன்று. எனினும் 2012இல் வெளிவந்த ஐ.நா.வின் உள்ளாய்வு அறிக்கை, தன் அமைப்பு பெருமளவில் தவறியதை ஏற்றுக்கொண்டது.

திருத்தந்தையர் இதில் தெளிவாகவே பேசியிருக்கின்றனர். 1993 சனவரியில், போஸ்னியாவை மனத்திற்கொண்டு தூதர்களிடம் உரையாற்றிய இரண்டாம் அருள் சின்னப்பர், பிற வழிகள் யாவும் பயனற்றுப் போனபின் நாடுகளுக்குப் பாராமுகமாயிருக்கும் உரிமை இல்லை என்றும், தாக்குபவனின் ஆயுதத்தைப் பறிப்பது அவற்றின் கடமை என்றும் கூறினார். பதினைந்து மாதங்களுக்குப் பின் ருவாண்டா. 2014 ஆகஸ்டில் ஈராக்கைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அநீதியாகத் தாக்குபவனைத் தடுத்து நிறுத்துவது முறையானதே என்ற மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 'நிறுத்துதல்' என்னும் வினைச்சொல்லை அழுத்திச் சொல்லி, குண்டு வீசுங்கள் என்று தாம் கூறவில்லை என்றார். அவ்வொரு சொல்லின் அருமை, பள்ளி வாயிலை நினைத்தால் விளங்கும். அங்கே தேவைப்பட்டது போரன்று, பழிவாங்கலும் அன்று, நிறுத்துதல் மட்டுமே. ஐந்து நாள்கள் அது நடந்தும் இருந்தது, பெரும்பாலும் ஒரு குண்டும் வெடிக்காமலே.

படத்தில் இன்னொரு மௌனமும் உண்டு. அது நம்மைப் போன்ற குருக்களுக்கு இதமான மௌனம். கிறிஸ்டோபரைக் கண்டு பெருமிதத்துடன் எழுந்துவிட முடிகிறது. ஆனால் நியாங்கே பங்கின் குரு அத்தனாஸ் செரோம்பா, 1,500க்கும் மேற்பட்டோர் அடைக்கலம் புகுந்திருந்த தம் சொந்த ஆலயத்தையே மண்வாரி எந்திரம் கொண்டு அவர்கள்மீது இடித்துத் தள்ளத் துணைநின்றார். 2008இல் பன்னாட்டுத் தீர்ப்பாயம் மேல்முறையீட்டில் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நியாமட்டா, நிடராமா ஆலயங்களின் பீடங்கள் குருதியில் நனைந்தன. 2017 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ், திருச்சபையினதும் குருக்கள், துறவியர் உள்ளிட்ட அதன் உறுப்பினரதும் பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். ஒரே நாட்டில், ஒரே திருப்பலியை நிறைவேற்றிய இரு குருக்கள் இவர்கள். ஒரு காட்சியிலாவது இந்த நிழல் விழுந்திருந்தால் கிறிஸ்டோபரின் ஒளி குறைந்திருக்காது, கூடியிருக்கும்.

தளபதிக்கும் நீதி செய்ய வேண்டும். டொமினிக் ஹோர்விட்ஸ் அப்பாத்திரத்தைக் கோழையாகவோ கல்நெஞ்சராகவோ ஆக்கவில்லை. பத்துத் தோழரை இழந்த படையின் அதிகாரி, மேலிடத்து ஆணை, கீழே தம் வீரரின் உயிர் என்று நெருக்குண்டு நிற்கும் மனிதராகவே அவரைக் காட்டுகிறார். புறப்படுமுன், அகதிகளில் ஒருவர் அவரிடம் வந்து, வெட்டுக்கத்தியால் சாவதைவிடத் துப்பாக்கிக் குண்டால் சாவது மேல், எங்களைச் சுட்டுவிட்டுப் போங்கள், இயலாதென்றால் குழந்தைகளையாவது சுடுங்கள் என்று பணிவோடு வேண்டுகிறார். அவரால் இயலாது என்கிறார் தளபதி. படத்திலேயே மிகக் கொடிய காட்சி இதுதான். கொல்லலாகாது என்னும் கட்டளையை அக்கணத்தில் அவர் காத்துக்கொண்டார் என்று ஒருவர் வாதாடலாம். அந்தக் கல்லூரிப் பெண் இக்காட்சியின்போது எழுந்து வெளியே போய்விட்டாள்.

அதன்பின் படம் வண்டிகளோடு போயிருக்க வேண்டியதில்லை. அப்பள்ளியிலேயே படமெடுத்தார்கள்; உயிர் தப்பியவர் பலர் அதில் பணியாற்றினார்கள்; இறுதியில் அவர்களுடைய முகங்களையும் ஒவ்வொருவரும் இழந்ததையும் திரையில் காட்டுகிறார்கள். நடிப்பு ஏதுமற்ற அந்தச் சில நிமிடங்கள் மனத்தைவிட்டு அகலவில்லை. ஆனால் பள்ளியிலிருந்து நியான்சாவுக்கு அம்மக்கள் நடத்திச் செல்லப்பட்ட சாலையைப் படம் காட்டவில்லை. பட்டப்பகலில், நகரின் தெருக்களில், ஆயிரக்கணக்கானோர் அணியாக நடந்தார்கள். எந்தத் திருப்பத்திலும் அவ்வணியை நிறுத்தியிருக்கக்கூடியவர்கள் அந்நேரம் விமான நிலையத்தில் இருந்தார்கள்.